ஆற்றிடம் மட்டும் சொன்னது

சவரிநாதன் எழுதிய புத்தகத்தை இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான் படித்தான். அந்த ஒருவனே போதும் என்று அவர் பூரித்துப்போனதில்தான் எல்லாம் கெட்டது.

அருணாச்சலப் பிரதேசத்தில், ஆறு மலையை முட்டித் திரும்புகிற இடத்தில் சிபுங் என்று ஒரு சின்ன ஊர். மழைக்காலம் வந்துவிட்டால் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. இளவயதில் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன சவரிநாதன், தலை நரைத்த பிறகுதான் திருச்சிக்குத் திரும்பினார். புத்தூர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் இருந்தால்தானே? சிபுங்கின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். தில்லை நகரில் ஒரு அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். கல்யாண வீடு, திருமுழுக்கு வீடு என்று எங்கே போனாலும் மொய்க் கவரோடு ஒரு பிரதியும் போகும். கவரை வாங்கியவர்கள் சிரித்தார்கள், புத்தகத்தை வாங்கியவர்கள் முழித்தார்கள். மிச்சமெல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"பெருக்க முடியல. இந்த ஊரை வேற எங்கயாவது கொண்டுபோய்க் குடி வைங்க" என்பாள் அவர் மனைவி ரோசரி.

அப்போதுதான் பிரவீன்ராஜ் வந்தான். ரோசரியின் அண்ணன் மகன். ஞானஸ்நானத் தொட்டியருகே அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் சவரிநாதன்தான். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு ஊர் நிலவரம் ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை.

"மாமா, சிபுங் புத்தகம் பாத்தேன். என்னா விஷயம் எழுதியிருக்கீங்க! எங்க ஆபீஸ்ல வடகிழக்கு பத்தி ஒரு ஆராய்ச்சி நடக்குது. இதை இங்கிலீஷ்ல கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

சவரிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோடை முழுக்க ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தானே மொழிபெயர்த்தார். ஆற்று வணக்கம் பற்றிய பகுதியை மட்டும் பலமுறை அடித்துத் திருத்தி எழுதினார். அவ்வளவு பிரியம் அதன்மேல்.

மழை வடிந்ததும் சிபுங் ஊரே ஆற்றங்கரைக்கு இறங்கும். ஊரில் மூத்த கிழவி முழங்கால் தண்ணீரில் நின்று ஆற்றிடம் பேசுவாள். "நாங்க நேத்துதான் வந்தோம். கரை காலியா இருந்துச்சு, உக்காந்துட்டோம். நாளைக்குப் போயிடுவோம். இன்னிக்கி மட்டும் இருக்க விடு." தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்கள் வருஷா வருஷம் இதைச் சொல்வார்கள். ஆறுதான் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி என்ற மரியாதை அது. வெளியாள் யாரையும் அன்றைக்குக் கரையில் நிற்க விடமாட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் சவரிநாதனை நிற்கவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு பட்டம் தனக்கு எதற்கு என்று அவர் அன்றைக்கு நினைத்தார்.

இங்கிலீஷ் பிரதி போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் சிபுங்கிலிருந்து ஓமெம் போன் செய்தாள். அவரிடம் படித்த பெண், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவருக்கும் எப்போதும் இந்தியில்தான் பேச்சு.

"மாஸ்டர், இங்க அணை வருது. ஊர் முங்கிடும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு. நாங்க பூர்வகுடி இல்ல, நடுவுல வந்து குந்துனவங்கன்னு சொல்றாங்க. அதனால வேற நிலம் தரமாட்டாங்களாம்."

"யாரு சொன்னா அப்படி?"

"அணை கட்டுற கம்பெனியோட ரிப்போர்ட்டை உங்க பேரைச் சொல்லித்தான் படிச்சாங்க, மாஸ்டர். 'நேத்துதான் வந்தோம், கரை காலியா இருந்துச்சு'ன்னு ஊர்க்காரங்களே ஒத்துக்கறதா நீங்க எழுதியிருக்கீங்களாம்."

அந்த இங்கிலீஷ் பிரதியைச் சவரிநாதன் பிரவீன்ராஜிடம் மட்டும்தான் கொடுத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார். பிரவீன்ராஜ் கொள்ளிடக் கரைப் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கியிருந்தான். அவன் மனைவி ஜெஸ்லின், "வாங்க மாமா" என்று காபி போட உள்ளே போனாள். அவன் பால்கனியில் நாற்காலி போட்டான்.

"அடுத்த பாரா எங்கடா?" என்றார்.

"எது மாமா?"

"அது ஆத்துக்குக் காட்டற மரியாதைன்னு எழுதியிருந்தேனே. அவங்க கல்லறை எவ்வளவு பழசு, பலா மரம் யாரு வச்சது, எல்லாம் அதுக்கடுத்துதானே இருக்கு. எங்க அது?"

"ரிப்போர்ட்ல எல்லாத்தையும் போட முடியாது மாமா. தேவையானதைத்தான் எடுப்போம்."

"யாருக்குத் தேவையானது?"

அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "நான் ஒரு வார்த்தை கூட மாத்தல. உங்க பேரையும் போட்டிருக்கேன், பாருங்க. 'சிபுங்கின் வரலாற்றாசிரியர்'. இதுவரைக்கும் யாராவது உங்களை அப்படிப் போட்டிருக்காங்களா?"

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தச் சொல்லைப் பார்த்ததும் சவரிநாதனுக்கு ஒரு கணம் உள்ளே குளிர்ந்துவிட்டது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"முழுசாத்தானே படிச்ச நீ? அவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரியும்ல உனக்கு?"

"படிக்க எங்க மாமா நேரம்? எப்ப வந்தாங்க, எங்கேர்ந்து வந்தாங்கன்னு இருக்கிற இடத்தை மட்டும் தேடினேன்." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "உங்க மேல கேஸ் எதுவும் வராது, கவலைப்படாதீங்க."

இந்தக் கைகளில்தான் அவன் குழந்தையாக வீறிட்டு அழுதான். ஞானஸ்நானத்தின்போது அவனுக்காகப் பிசாசை விட்டுவிடுகிறேன் என்று சாமியார் முன்னால் வாக்குக் கொடுத்ததும் இவர்தான். திட்ட வேண்டும் என்றுதான் பஸ் ஏறி வந்திருந்தார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை. ஜெஸ்லின் காபியோடு வந்தபோது சவரிநாதன் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அண்ணன் மகன் என்றும் பார்க்காமல் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். பிறகு பரண்மேலிருந்த கம்பளிச் சட்டைகளை எடுத்து உதறினாள். "அடுத்த கூட்டம் எப்பன்னு கேளுங்க. போய் நின்னு, எழுதினவன் நான், அதுக்கு அர்த்தம் இதுதான்னு சொல்லிட்டு வாங்க. நீங்க சொன்னா கேட்காமலா போயிடுவாங்க?"

அவள் அப்படிச் சொன்னதும் அவருக்கு உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. உடனே ஓமெமை அழைத்தார். அந்த ஆற்று வணக்கத்தின் அர்த்தத்தைத் தன்னைவிட விளக்கமாகச் சொல்ல வெளியாள் யார் இருக்கிறார்கள், டிக்கெட் போட்டு வந்துவிடுகிறேன், அதிகாரிகள் முன்னால் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிறேன் என்று மூச்சு விடாமல் பேசினார்.

ஓமெம் கடைசிவரை கேட்டாள். அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"வராதீங்க, மாஸ்டர். கிழவிங்க என்னைக் கேட்டாங்க, 'ஆத்துக்கிட்ட மட்டும் சொன்னது அரசாங்கத்துக்கு எப்படித் தெரிஞ்சுது'ன்னு. நீங்கதான்னு நான் சொல்ல வேண்டியதாயிடுச்சு."

"நான் கெட்ட எண்ணத்துல எழுதலம்மா…"

"தெரியும், மாஸ்டர். ஆனா இந்த வருஷம் மழை வடிஞ்சதும் எல்லாரும் கரைக்குப் போனோம், பாட்டியும் தண்ணியில இறங்கி நின்னாங்க. ஆனா வாயே திறக்கல. யாராவது கேட்டு எழுதிடுவாங்கன்னு பயம். ஆத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம திரும்பி வந்துட்டோம்."

போன் வைக்கப்பட்டது. ரோசரி கம்பளிச் சட்டைகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றா? எப்ப வரச் சொன்னா?"

"வர வேணாமாம்" என்றார் சவரிநாதன்.