ஜன்னலோரம் எட்டு வால்வுகள்

நாத்தனார் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தபோது, பட்டறை முழுக்க ஆம்பிளைகளாக இருப்பார்களே என்று வீட்டில் கையைப் பிசைந்தார்கள். கடைசியில், துணைக்கு அண்ணியையும் சேர்த்துவிடுவது என்று முடிவானது. அந்தச் சமுதாயக் கல்லூரியில் வயது கேட்பதில்லை. முதல் நாளே நாத்தனார், "அண்ணி, அந்த ஸ்பேனரை எடுங்க" என்று ஊரைக் கூட்டும் குரலில் கத்தியதில், அங்கிருந்த அத்தனை பேருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். நரைத்த மீசை வாத்தியார்கூட, "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜாக்கி இறங்குது" என்றார்.

துணைக்குப் போனவளுக்குப் பட்டறை பிடித்துப்போகும் என்று யாரும் நினைக்கவில்லை. மாடியில் நடந்த ஓவிய வகுப்பில் அவள் தானாகவே போய்ப் பெயர் கொடுப்பாள் என்று அவளே நினைக்கவில்லை.

"காவலுக்குப் போன இடத்துல ரெண்டு படிப்பா?" என்று கணவர் சிரித்தார். "ஒண்ணையாவது உருப்படியா முடி."

உனக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் அவளும் யோசித்ததில்லை. இப்போது திடீரென்று இரண்டு பதில்கள் வந்து வாசலில் நின்றால், எதை உள்ளே விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது? மாடியில் இருக்கும்போது நகக்கண்ணிலிருந்த கிரீஸை மறைத்தாள். கீழே வந்தால் விரலில் இருந்த ஓவியக் கரியை மறைத்தாள். இரண்டும் கறுப்புதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

பட்டறையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து ஒரு பழைய இன்ஜினைக் கொடுத்திருந்தார்கள். அதில் எட்டு வால்வுகள். நீண்ட காம்பும் தட்டைத் தலையுமாகக் காளான் போல இருக்கும். ஒவ்வொன்றையும் அது போய் உட்காரும் துளையில், அதாவது இருக்கையில் வைத்து, நறநறக்கும் தேய்ப்புப் பசை தடவி, குளிருக்குக் கை தேய்ப்பது போலக் குச்சியால் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் காற்று புகாமல் பொருந்தும். அப்படித் தேய்த்த வால்வு அந்த இருக்கைக்கு மட்டுமே சொந்தம். இடம் மாறினால் ஒழுகும். அதனால் ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். இன்ஜினைப் பூட்டி ஓட வைத்தால் நாத்தனார் தேறிவிடுவாள். தேறினால் சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை தயாராக இருந்தது.

பட்டறைப் பரீட்சைக்கு முதல் நாள் ஓவிய மாஸ்டர் சொன்னார்: "பழம், பூ, ஜாடின்னு கொண்டு வந்தா வாசல்லயே நில்லுங்க. நீங்க கையால புழங்குற பொருளைக் கொண்டு வாங்க."

சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி எட்டு வால்வுகளையும் ஒரு துணியில் பொதிந்துகொண்டு மாடியேறினாள். அட்டையை விட்டுவிட்டாள். அது லட்சணமாக இல்லை. ஜன்னலோரம் உயரமாகத் தெரிந்தவற்றைப் பின்னால் நிறுத்தினாள். இரண்டைப் படுக்க வைத்தாள். கரியெடுத்து வரைந்தபோது தானும் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. மாஸ்டர் குனிந்து பார்த்து, "பிரமாதம்" என்று தன் பங்குக்கு ஒன்றை நகர்த்தியும் வைத்தார்.

மணி அடித்தது. கீழே வந்து துணியைப் பிரித்து, முதல் வால்வைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். அட்டையில் எட்டு ஓட்டைகளும் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தன.

பெரிய தலை நான்கு, சின்னத் தலை நான்கு. அதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்று குத்தி வைத்தாள்.

மறுநாள் நாத்தனார் வால்வுகளை இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் பூட்டி, அதைக் கவிழ்த்து வைத்துக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஒழுகாமல் நின்றால் சரி. ஒழுகியது. சாதாரணமாக அல்ல, மூக்குச் சளி போல நாலா பக்கமும்.

நாத்தனார் கத்துவாள் என்று அண்ணி காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"என் கை சரியில்ல அண்ணி. இவ்வளவு நாள் தேய்ச்சும் வரலைன்னா, இது எனக்கு வராது. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, நான் நின்னுக்கிறேன்."

பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அண்ணிக்கு அப்போது தெரிந்தது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆறுதலாக முதுகைத் தடவிவிட்டால் போதும். கை முதுகுவரை போய்விட்டது. அந்தக் கையின் விரலிடுக்கில் நேற்றைய கரி இருந்தது.

"உன் கை நல்லாதான் இருக்கு. நான்தான் எல்லாத்தையும் கலைச்சிட்டேன்."

"எதை?"

"வால்வை. படம் வரையறதுக்கு எடுத்துட்டுப் போனேன்."

நாத்தனாருக்கு அது மூளையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"வரைய வேற பொருளே கிடைக்கலையா உங்களுக்கு? என் வாழ்க்கைதான் கிடைச்சுதா?"

"கழட்டு" என்றாள் அண்ணி. "எல்லாத்தையும் கழட்டு. நான் ஒரு மணி நேரம் இதுங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வால்வின் விளிம்பிலும் இருக்கையிலும் தேய்த்த தடம் சாம்பல் வளையமாகத் தெரியும். எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், உற்றுப் பார்க்காதவர்களுக்கு.

"இது மெல்லிசா இருக்கு, நான் தேய்ச்சது. ரெண்டாவது இருக்கையைப் பாரு, அதே மெல்லிசு. இது பட்டையா, ஒரு பக்கம் அழுத்தமா இருக்கு. நீ போன்ல சண்டை போட்டுக்கிட்டே தேய்ச்சது."

"அது சண்டை இல்ல, பேச்சுவார்த்தை."

"நாலாவதுல வை."

ஆறு வால்வுகள் வீடு சேர்ந்தன. கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல முழித்தன. குத்துமதிப்பாக வைத்தார்கள், ஒழுகியது. மாற்றி வைத்தார்கள், மண்ணெண்ணெய் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. நாத்தனார் மூச்சை விட்டாள். "இருந்தாலும் எடுத்தது தப்புதான்" என்றாள்.

சாயங்காலம் இன்ஜின் இருமியது, தும்மியது, பிறகு ஓடியது. வாத்தியார் ஸ்க்ரூடிரைவரை அதன் மேல் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பாஸ். ஆனா வால்வை ஏன் ரெண்டு தடவை கழட்டிப் பூட்டினீங்க?"

"அது எங்க குடும்ப விஷயம் சார்" என்றாள் நாத்தனார்.

பிறகு விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். "அப்படி என்னத்தைதான் வரைஞ்சு கிழிச்சீங்கன்னு பார்க்கறேன்."

படத்தின் முன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மூணாவது வால்வு கோணலா இருக்கு. இதைப் பூட்டினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது."

"ஸ்டார்ட் ஆக வேண்டாம்டி. பார்த்தா போதும்" என்றாள் அண்ணி. சொன்ன பிறகுதான், இத்தனை வருஷத்தில் அவளை 'டி' போட்டது இதுவே முதல் தடவை என்று தோன்றியது. நாத்தனார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கழுத்தைச் சாய்த்துப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடுத்த தடவை எதையாவது தூக்கிட்டு வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

"கியர் பாக்ஸ்."

"அண்ணீ!"

கீழே பட்டறையிலிருந்து நான்கைந்து குரல்கள், "என்ன ஆச்சு அண்ணி?" என்று கேட்டன.