நார் சுற்றிய குழாய்

அழகர்சாமி லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி மீட்டரின் முகத்துக்கு நேரே போய் நிற்பார். வலிய வந்து யாராவது வணக்கம் சொல்லிவிட்டால், இவனுக்கு நம்மிடம் என்ன வேலை என்று அன்று முழுக்க யோசிப்பார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தது யார் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. மகள் பரணிக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த வரன். பையன் பெயர் ஸ்ரீராம். பெண் பார்க்க வந்த அன்றே பரணியின் போனைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். இது யாரு, கூட வேலை பார்க்கிறவனா, எதற்குக் கூப்பிட்டான் என்று விசாரித்தான். பரணி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். அழகர்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "விவரமான பையன். யாரும் ஏமாத்த முடியாது" என்று தெருவெல்லாம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைப்பதாகப் பேச்சு. பெண் வீட்டார் அங்கே ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும்.

வியாழக்கிழமை பார்த்துக் கார் மக்கர் பண்ணியது. பின்சீட்டை மடக்கி மல்லிகை மூட்டை ஏற்றிப் போகும் பழைய கார்தான். ஆனாலும் அதுநாள் வரை நடுவழியில் விட்டதில்லை. அன்று மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முன்பக்கம் உஸ்ஸென்று சத்தம். மிதித்தால் இழுவை இல்லை. நிறுத்தினால் இன்ஜின் ஏறி இறங்கித் தவித்தது. உருட்டிக்கொண்டு வந்து, திண்டுக்கல் பைபாஸ் ஓரம் அந்தோணிராஜின் ஒர்க்ஷாப்பில் நிறுத்தினார். அவரையும் நம்பித்தான் வருகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற மெக்கானிக்குகளை இதைவிடக் குறைவாக நம்பினார், அவ்வளவுதான்.

அந்தோணிராஜ் பானெட்டைத் தூக்கிக் குனிந்தவர், செத்த நேரம் நிமிரவே இல்லை.

"அண்ணே, பில்டர்லருந்து இன்ஜினுக்குக் காத்துப் போற குழாய் கிழிஞ்சிருக்கு. அதான் இழுவ இல்ல. தூசியெல்லாம் நேரா உள்ள போயிருக்கும். அது கெடக்கட்டும், இதுல வாழநாரச் சுத்துனது நீங்களா?"

"நாரா? நான் எதுக்குச் சுத்துறேன்?"

"அப்ப எலி கடிச்சுட்டு, பாவம்னு கட்டுப் போட்டுட்டுப் போயிருச்சு போல."

அழகர்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டிப் பார்த்தார். கறுப்பு ரப்பர் குழாயின் நடுவில் ஒரு பிளவு. அதன் மேல் ஈர நாரை வரிசையாகச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. நார் காய்ந்து சுருங்கியதில் பிளவு மறுபடி வாயைத் திறந்திருந்தது. போன மாதம் ஆயில் மாற்றியபோது இதே அந்தோணிராஜ்தான் பானெட்டைத் திறந்தார். அப்போதே கீறிவிட்டிருப்பானோ? வேலை இல்லாத மெக்கானிக் என்னதான் செய்ய மாட்டான்?

"கம்பெனிச் சாமான் மதுரையில இருந்து வரணும். திங்கக்கெழம ஆயிரும்" என்றார் அந்தோணிராஜ்.

"நாளைக்குக் கை நனைக்கப் போகணும்ப்பா."

"அப்ப வெளிச் சாமான்தான். கடையில ஹோஸ் கெடைக்கும். அளவா அறுத்து ரெண்டு பக்கமும் கிளிப்புப் போட்டு முறுக்கிரலாம். நல்லா ஒழைக்கும்."

வெளிச் சாமான் என்றதுமே அழகர்சாமியின் முகம் மாறிவிட்டது. ஹோஸ் வந்ததும் வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். "சூட்டுல உருகாதா? உறிஞ்சுற காத்துல ஒட்டிக்கிறாதா?" என்று துருவினார். உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது, ஒட்டாது என்று அந்தோணிராஜ் அமுக்கிக் காட்டினார். பழைய குழாயில் சின்னக் குழாய் ஒன்றைச் சொருக ஒரு மூக்கு இருந்தது. புதியதில் அது இல்லை. அதற்கு ஓட்டை போட்டு இணைப்பு வைத்தபோது, தன் வயிற்றிலேயே ஓட்டை போடுவதுபோல அழகர்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசிவரை நகரவில்லை. டீ வந்தது, அதைக்கூட வண்டியைப் பார்த்தபடியே குடித்தார்.

வேலை முடிந்து, மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வத்தலக்குண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். உஸ் சத்தம் போயே போய்விட்டது. இழுவை பழையபடி இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவருக்கு உறுத்தியது.

"பழைய சாமானக் குடு."

நம் ஊரில் இது வழக்கம்தான். மாற்றியது நிசம் என்பதற்குக் கழற்றிய சாமானைக் கையில் வாங்கிவிட வேண்டும். அந்தோணிராஜ் அதைப் பேப்பரில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

"இந்தாங்கண்ணே, நாரோட அப்படியே இருக்கு. ஆனா ஒண்ணு. எலி கடிச்சிருந்தா சொரசொரன்னு இருக்கும். இது கத்தி போட்ட வெட்டு. வேண்டாத ஆள் யாரும் இருந்தாப் பாத்துக்கங்க."

வேண்டாத ஆள்! அழகர்சாமியின் மண்டைக்குள் அது புகுந்து உட்கார்ந்துகொண்டது. வேண்டாத ஆளுக்கா பஞ்சம்? மச்சான் பொன்னழகு இருக்கிறானே, மனைவி சரஸ்வதியின் தம்பி. தன் மகன் விக்னேஷ்குமாருக்குப் பரணியை முறைக்குக் கேட்டான். இவர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நேற்று மத்தியானம் இவர் வயலில் இருந்தபோது வீட்டுக்கு வந்துபோனானாம். என்ன வேலையாக வந்தான்? கை நனைக்க விடாமல் தடுக்கத்தான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பொன்னழகைப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை மனதால் இழுத்துப்போய்விட்டார்.

சரஸ்வதி கூடத்தில் உட்கார்ந்து, மறுநாளைக்கு எடுத்துப்போக மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். பரணி பழத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழகர்சாமி குழாயை மனைவியின் முன்னால் எறிந்தார்.

"ஒந் தம்பி பண்ணுன வேலயப் பாரு. நேத்து வந்து குழாய அறுத்துட்டுப் போயிருக்கான். இன்னைக்கு நடுத்தெருவுல வச்சு அவன நாறடிக்கிறனா இல்லையா பாரு!"

வெளியே போகத் திரும்பியவரை, "அவன் இல்லைங்க" என்ற குரல் நிறுத்தியது.

"ஆமா, நீ விட்டுக்குடுப்பியா?"

"முடிச்சப் பாருங்க."

அழகர்சாமி குனிந்தார். சரஸ்வதி இடக்கைக்காரி. எல்லாப் பெண்களும் கட்டுகிற முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்தால் இவள் முடிச்சு எதிர்ப்பக்கம் சாயும். குழாயில் இருந்த முடிச்சுகள் எல்லாமே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவள் மடியில் கிடந்த பூச்சரத்திலும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் பார்க்கிற முடிச்சு. ஊர்க்காரன் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்த மனிதர் இதை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை.

"நீயா?"

"நாந்தான். கை நனைக்கக் கெளம்புற வண்டி வாசல்லயே நின்னுட்டா, சகுனம் சரியில்லைன்னு நீங்களே விட்டுருவீக. எடம் வாங்கப் போகயில டயர் பஞ்சராச்சுன்னு அந்த எடத்தையே வேணாம்னவுகதான நீங்க? நாளைக்கு வீடு நெறைய ஆளா இருக்கும்னு நேத்தே அருவாமனைய எடுத்துட்டுப் போயி அறுத்துட்டேன். அறுத்த பெறகுதான் ஒறச்சுச்சு. விடியால நீங்க இதுலதான பூ கொண்டுபோவீக? ரோட்டுல நின்னு, லாரிகீரி வந்து... அதான் நாரச் சுத்துனேன்."

"மாப்பிள்ள புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நம்புவீகளா? ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தாம்பீக. எந்தம்பி சொன்னாம்பீக. நான் என்னைக்குச் சொன்னத எஞ்சொல்லுன்னு எடுத்துக்கிட்டீக?" பூச்சரத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அந்தப் பையன் கெட்டவன் இல்ல. குடி கெடையாது, உழைப்பாளி. எல்லாம் ஒங்கள மாதிரிதான். அதான் வேணாம்ங்கிறேன். எம் மகளும் போனக் காட்டிக்கிட்டு, கணக்குச் சொல்லிக்கிட்டுக் கெடக்கணுமா?"

"இத ஒனக்கு யாரு..." என்று ஆரம்பித்த அழகர்சாமி பாதியில் நின்றார். பரணி தட்டைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதே பயத்தோடுதான் அன்றைக்கு அந்தப் பையனிடம் போனை நீட்டினாள். அப்போது அதை அடக்கம் என்று நினைத்திருந்தார்.

வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. இருமல் இல்லை, உஸ் சத்தம் இல்லை. சகுனம் சரியில்லை என்று வண்டி மேல் பழி போட வழியே இல்லாமல் போயிற்று. அந்தோணிராஜ் இவ்வளவு ஒழுங்காகவா வேலை செய்து தொலைய வேண்டும்? இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். நின்றபடியே ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார்.

மறுமுனையில் மாப்பிள்ளையின் அப்பா போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, என்னங்க இது? விடிஞ்சா வாறேன்னு சொல்லிப்போட்டு இப்படிப் பேசறீங்க? உங்களுக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லுங்க!"

அழகர்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் பொண்டாட்டி சொன்னா" என்றார். "அவளுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல."