ஹ்யே-ரனுக்குப் போட்ட கஷாயம்

கி-சோப்புக்குப் பிரேக்கை மிதிக்கும் காலில் வலு இல்லை. கொரியாவின் தேகு நகரத்தில் இது தெரிந்தது அவனுக்கும் அவன் பெண்டாட்டி ஹ்யே-ரனுக்கும் மட்டும்தான். பஸ் கம்பெனிக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவன் பயந்தான். தெரியாமல் ஓட்டினால் அதைவிட ஆபத்து என்று அவள் பயந்தாள். வீட்டுப் படி ஏறுவதற்குள் அந்த மனுஷன் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அன்றைக்கே அவனை லீவு போட வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி என்றால் முரண்டு பிடிப்பான். அதனால் நாட்டு மருந்துக் கடைத் தெருவில் மூலிகை வைத்தியம் பார்க்கும் பாங் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய அவனுக்குக் கஷாயம் கொடுத்தவரும் அவர்தான். கைகால் சில்லிட்டுச் சோர்ந்து கிடந்த ஹ்யே-ரனுக்கு, மாமியார் சொல்லி மருந்து போட்டவரும் அவர்தான்.

டாக்டரம்மா இரண்டு கையிலும் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வீங்கிய காலை விரலால் அழுத்தினார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. ரத்த அழுத்தம் ஏறியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நரம்பு நோயா, சிறுநீரகமா, இனிமேல் இந்த ஆள் பஸ்ஸே ஓட்டமாட்டானா என்று ஹ்யே-ரனின் மனசு எங்கெங்கோ ஓடியது.

வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். சோறு, கிம்ச்சி ஊறுகாய், தொண்டைக் கஷாயம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கொடுத்த அளவுக்கு இப்படி ஆகவே ஆகாது என்றார் அவர். கி-சோப் தரையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான்.

"இவளோட மருந்தையும் நான்தான் குடிச்சேன்."

அந்தக் கஷாயம் ஹ்யே-ரன் வயிற்றுக்குச் சேரவில்லை. குடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, கஷாயப் பைகளைக் கிம்ச்சி வைக்கும் பிரிட்ஜின் அடித்தட்டில் தள்ளி வைத்திருந்தாள். அவை குறைந்துகொண்டே வந்ததைக் கவனிக்காமல் இல்லை. மாமியார்தான் எடுத்துப்போய் நாத்தனாருக்குக் கொடுக்கிறார் என்று நினைத்து மூச்சு விடாமல் இருந்தாள்.

"அம்மா வந்தா நேரா பிரிட்ஜைத்தான் திறப்பாங்க. பை அப்படியே இருந்தா உன்னை விடுவாங்களா? கொட்டவும் மனசு வரலை."

"நல்லா இருக்குய்யா உங்க குடும்பம்!" டாக்டரம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இவ உடம்பைப் பார்த்து இவளுக்குப் போட்டது அது. ரெண்டு மருந்துலயும் அதிமதுரம் இருக்கு. தனித்தனியா குடிச்சா ஒண்ணும் ஆகாது, சேர்த்துக் குடிச்சா காலு தொவளாம என்ன செய்யும்?" பிறகு ஹ்யே-ரன் பக்கம் திரும்பினார். "ஒத்துக்கலைன்னா எங்கிட்ட சொல்லணும்மா. மாத்திப் போடத்தானே நான் இருக்கேன்?"

இரண்டையும் உடனே நிறுத்தச் சொல்லி, இன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும் என்று அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அனுப்பிவைத்தார். அவர் சந்தேகப்பட்டது சரிதான். அதிமதுரம் அளவுக்கு மீறிப் போனதில் ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நரம்பிலும் கோளாறு இல்லை, சில நாள் இங்கே இருந்து பொட்டாசியம் ஏறிவிட்டால் பழையபடி பஸ் ஓட்டலாம் என்றார்கள். ஹ்யே-ரன் வராந்தாவுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சூடாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் உள்ளே போனதும் தைரியமும் வந்தது. மாமியாருக்கு அவளே போன் போட்டாள்.

"அத்தை, நீங்க வாங்கிக் கொடுத்த மருந்தை நான் குடிக்கலை. எனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு அவர் குடிச்சு, இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கார்."

மாமியார் முதலில் மகனின் காலைப் பற்றிக் கேட்டார். சரியாகிவிடும் என்று இரண்டு தரம் சொல்ல வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். ஹ்யே-ரன் திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடி பைத்தியமே," என்றார் மாமியார். "என் மாமியார் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் நான் ரோஜாச் செடிக்குத்தான் ஊத்தினேன். உனக்கு அதுகூடவா தோணலை?"