மூன்றாவது ரோஜாச் செடி

உரம் இடும் முறைகளுக்கும் கிளை நறுக்கும் முறைகளுக்கும் நடுவில் அந்தப் புத்தகம் நின்றுகொண்டிருந்தது. அட்டையில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டிருந்தது. அடுக்குகளைச் சரிபார்க்கும் செய்முறை வகுப்புக்காகத் தோட்டக்கலைப் பிரிவில் நின்றவள், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணை இரண்டு தரம் படித்தாள். பூச்செடி வளர்ப்புக்கான எண். உள்ளே துறைத்தலைவரின் சுருக்கொப்பம்.

தலைப்பை மட்டும் பார்த்து நூலை வகைப்படுத்தாதே என்பது நூலக அறிவியல் முதுகலையில் முதல் மாதப் பாடம். நடத்தியவரும் அவர்தான். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் உஷ்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். கண் மங்கிய பிறகு அம்மாதான் மதியங்களில் படித்துக் காட்டுவாள். தெருமுனை வாடகை நூலகத்திலிருந்து எடுத்த ‘மூன்றாவது ரோஜாச் செடி’யில், இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, ‘கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்’ என்று சொன்னதோடு பக்கங்கள் தீர்ந்துவிட்டன. மிச்சத்தை எந்தப் புண்ணியவானோ கிழித்திருந்தான்.

“டாக்டர்தான்,” என்றார் அப்பா.

“மச்சான்காரன்தான். அவன் முழியே சரியில்ல,” என்றாள் அம்மா. முழியைப் புத்தகத்தில் எங்கே பார்த்தாள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சலில்லை.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். “லைப்ரரிக்குன்னே படிக்கறவ ஒருத்தி வீட்டுல இருக்கா, நாலு பக்கம் கெடைக்கலியே. பாவம்மா, அந்த இன்ஸ்பெக்டர் வாயத் தொறந்தபடியே நிக்கறாரு. நான் போறதுக்குள்ள அவர உக்கார வையி.”

முதலில் துறைத்தலைவரிடம்தான் கேட்டாள். “இந்த மாதிரிச் சரக்கெல்லாம் நம்ம வாசப்படிய மிதிக்க முடியாதும்மா,” என்றார். சொன்ன தோரணையில் சொந்த நூலகத்தின் பட்டியலைப் பார்க்கக்கூடத் தோன்றாமல், ஊர் ஊராக நூலகங்களுக்கு எழுதினாள். சாதாரண ஆள் என்றால் முதலில் தன் வீட்டு அலமாரியைத் துழாவியிருப்பான். இவள் முதுகலை.

இப்போது, தோட்டக்கலை அடுக்கில் கண்டெடுத்த அந்தப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தாள். உஷ் அதைத் தொடாமல் பார்த்தார்.

“தப்பான எண்ணோட ஒரு நூல் வெளிய போகக் கூடாது. திருத்தக் குழு கூடட்டும். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ.”

“சார், அப்பாவுக்கு முடியல. கடைசி அத்தியாயம் மட்டும்…”

“வாசகர் காத்திருக்கலாம்மா. வகைப்பாடு காத்திருக்காது.”

வெளியே வந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான். “அக்கா, கெளம்பி வா. மூச்சு ஒரு மாதிரி வாங்குது.”

திரும்பி உள்ளே போனாள். தலைவர் தேநீருக்கு எழுந்து போயிருந்தார். ‘நூல் திருட்டைத் தடுக்கும் வழிகள்’ என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது வாங்கியவள், புத்தகத்தைப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து, காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் அதிகமாக இருந்தன. மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இப்பத்தான்,” என்றாள் அம்மா. “தண்ணி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள.” பிறகு பையைப் பார்த்தாள். “கெடச்சுதா?”

“கெடச்சுதும்மா.”

அம்மா புத்தகத்தை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

சாயங்காலம் உஷ் நாலு மாணவர்களோடும் ஒரு மலர்வளையத்தோடும் வந்தார். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கண்டால் அவருக்குத் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும்.

“வாசிப்புலகம் இன்று தன் தூண்களில் ஒன்றை…”

“தூணா?” அத்தை பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். “எங்க அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்குல்ல?”

பேச்சில் தூணைக் கடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் அவர் பார்வை அம்மாவின் பக்கத்தில் விழுந்தது. குனிந்து புத்தகத்தை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். துறையிலிருந்து தன் பெயரை அடித்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் அட்டையைத் திறந்தார்; அங்கே அவருடைய சுருக்கொப்பமே அவரைப் பார்த்தது. யாரும் உஷ் என்று சொல்லாமலே அமைதியானார்.

“சரியான எண் என்னன்னு பாத்துடறேன்,” என்று முணுமுணுத்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார். எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் போதும். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டேயிருந்தார். நடுவில் ஒருமுறை “அடப்பாவி” என்றதை மாணவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

வண்டி வந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். அவள் மூலைக்குப் போனாள்.

“சார், ஒரு நிமிஷம் குடுங்க.”

அவர் தயங்கி, படித்த இடத்தில் ஒரு தாளைச் செருகிக் கொடுத்தார்.

சமையலறையில் அடுப்புப் பக்கமாக நின்று கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். மச்சான்தான். கடைசிப் பத்தியில் அவன் முழியைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது.

ஹாலுக்கு வந்து அப்பாவின் அருகில் மண்டியிட்டு, காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

“அழட்டும், விடுங்க,” என்றாள் அத்தை.

அவள் நிமிர்ந்ததும் அம்மா மெல்லக் கேட்டாள். “என்ன சொன்னே?”

“டாக்டர்தான்னு சொன்னேன்.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ஜெயிச்சுட்டுப் போகட்டும்,” என்றாள்.

தலைமாட்டில் கிடந்த அப்பாவின் கண்ணாடியை எடுத்து முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். காதுக் கம்பிகளை மடக்கி, கூட்டில் வைத்து மூடினாள்.