காதுச் சோதனை

விடியும்போதே ஆலைக்குள் பசை வாடை மூக்கை அறுத்தது. காந்தத் தட்டுகள் ஒன்றையொன்று கவ்வும்போது இடையில் விரல் மாட்டினால் விரல் போச்சு. ஆகவே யாரும் தூங்கி வழியவில்லை. ஸ்பீக்கர்கள் வரிசையாக அவள் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் உறுமலில் தொடங்கி ஊசிக் கீச்சுவரை ஏறும் ஒலியைச் செலுத்தி, நடுவே எங்காவது கரகரக்கிறதா என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. ஆலையில் அவளுக்குப் பெயரே 'காது'தான்.

அந்தக் காதுதான் செத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஓயாத விசில். வீட்டில் மகள் கூப்பிட்டால் இடது காதைத் திருப்பிக் கொடுப்பாள். புருஷனுக்கே தெரியாது.

முன்பெல்லாம் ஸ்பீக்கரைத் தடித்த பெட்டிக்குள் மூடித்தான் சோதிப்பார்கள். விளையாட்டரங்க ஆர்டர் வந்ததும், திறந்து மூடுவதில் நேரம் வீணாகிறதென்று முதலாளி பெட்டியைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து அத்தனை சத்தமும் கூடத்திலிருந்தவர்கள் மண்டையில் இறங்கியது.

வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் கம்பெனியின் வரலாறு மினுங்கியது. முதலாளியின் அப்பா ஒற்றை அறையில் ரேடியோ பழுதுபார்த்த ஸ்க்ரூடிரைவர், முதல் கூம்பு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மேடை மைக், மிக்ஸர். ஸ்க்ரூடிரைவருக்குக்கூட வெல்வெட் மெத்தை. ஒட்டியவன், பற்றவைத்தவள் ஒருவருக்கும் அதில் இடமில்லை.

முந்தாநாள் பசை அண்ணன் கால் நசுங்கியது. கூம்பு ஒட்டுகிறவர். பின்னால் வந்த சரக்கு வண்டியின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. வண்டி ஹாரன் அடித்தது, கேட்காதது அவர் குற்றம் என்று முதலாளி கணக்கை முடித்தார். இன்று எல்லோருக்கும் காதுச் சோதனை. ஒலி கேட்டால் கை தூக்கவேண்டும். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

நேற்றுக் குழாயடியில் கை கழுவும்போது, தனக்கும் சரியாகக் கேட்பதில்லை என்று முதலில் வாய் திறந்தவள் இவளுடைய நாத்தனார். பசைப் பிரிவில் வேலை. பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யாரும் கை தூக்குவதில்லை. பெட்டி திரும்ப வரவேண்டும். அண்ணனின் வைத்தியச் செலவைக் கம்பெனி பார்க்கவேண்டும் என்று பேசி முடித்தார்கள். இவளும் தலையாட்டினாள். ஆனால் புருஷனுக்கு வேலை போய் வெகுநாளாகிறது. வீட்டில் அடுப்பெரிவது இவளாலும் நாத்தனாராலும்தான்.

சுவரெல்லாம் பஞ்சு அடைத்த மைக் சோதனை அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியோடு ஒருவன். வெளியே வரிசை.

முதலாளி இவளைக் கைகாட்டினார். "நீ முதல்ல போம்மா. கம்பெனியோட காதே நீதானே. நீ கேட்டுக் காட்டிட்டா மத்தவங்க சாக்கு சொல்ல முடியாது."

உள்ளே தன் நெஞ்சு அடிப்பதும் விசிலும்தான். கண்ணாடி வழியே அவனுடைய கட்டைவிரல் பொத்தானில் அழுந்துவது தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கினால் போதும், தப்பிவிடலாம். ஒருமுறை இடது காதில் நிஜமாகவே கேட்கவும் செய்தது. கை எழப் பார்த்தது. வரிசையில் நின்ற நாத்தனார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்கவில்லை, பயந்திருந்தாள். இவள் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி கதவைத் திறந்தார். "என்னம்மா, விளையாடுறியா?"

"கேக்கலைங்க."

"நேத்துவரைக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு பாஸ் போட்டவளுக்கு இன்னிக்குக் கேக்கலையா?"

"அதைக் கேட்டுக் கேட்டுத்தாங்க போச்சு," என்றாள். "பெட்டியைக் கழட்டினது நாங்களாங்க?"

அவர் வரிசைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "வேற யாருக்கெல்லாம் காது கேக்கல? கை தூக்குங்க, பார்ப்போம்."

ஒரு கையும் எழவில்லை. தான் மட்டும் குழிக்குள் இறங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது ஒரு கை எழுந்தது. காய்ந்த பசை உரியும் கை, நாத்தனாருடையது. பின்னால் ஒன்று, இன்னொன்று. சரக்கு வண்டி ஓட்டுகிறவனும் தூக்கினான். அவனுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.

"நான் பேசுறது மட்டும் கேக்குதோ?" என்றார் முதலாளி. இப்போது சிரிப்பு இல்லை.

"அது எப்பவும் கேக்குதுங்க," என்றாள் நாத்தனார். "இனிமே நாங்க பேசணும்."

நாளை வாயிற்கதவு திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. இவள் கையைத் தொடைக்கடியிலிருந்து உருவினாள். மரத்துப்போயிருந்தது. மற்றக் கையால் தாங்கிப் பிடித்து, அதையும் தூக்கினாள்.