ஊடு என்பதை வீடு என்று திருத்தியவன்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்த பிறகு ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் முணுமுணுக்கக் கூடாது.

1967. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தா நான். பி.ஏ. படித்தவன் என்பதால், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு என்னைத் தேடி வருவார்கள். சில கல்லூரிகள் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லும். அதில் பிழை திருத்துவேன், கொஞ்சம் கண்ணீரும் சேர்ப்பேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அமராவதியின் விழிகளில் கனவுகள் மின்ன...’ வேண்டாம். அவள் கண்ணை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கையெழுத்தைத்தான் பார்த்தேன்.

2

அமராவதி, அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண். அப்பா இல்லை. அம்மா ரங்காத்தாள் கைத்தறியில் கட்டம் போட்ட சேலை நெய்கிறவர். கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி, விடுதியோடு சேர்த்து ஒரே ஓர் இலவச இடம் தருவதாக அறிவித்திருந்தது. கிடைத்தால் பி.யூ.சி. கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டார்.

அவள் கட்டுரையில் ஒரு வரி: ‘எங்கள் அம்மா ஊடு மாற்றி ஊடு மாற்றி என்னைப் படிக்க வைத்தார்.’

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை இங்கேயே போட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். நான் மெட்ராசில் படிக்கப் போன முதல் வாரம், ‘ஊட்டுக்குக் கடுதாசி போடோணும்’ என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷமும் விடுதியில் எனக்கு ‘ஊடு’ என்றுதான் பேர். அன்றிலிருந்து அந்த வார்த்தையை எங்கே கண்டாலும் எனக்குக் கை துறுதுறுக்கும்.)

ஆகவே திருத்தினேன். வீடு மாற்றி வீடு மாற்றி என்றால் வீட்டு வேலை செய்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். ‘என் தாயார் வீடு வீடாகச் சென்று பத்துப் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவள் அதைத் தன் கையால் படியெடுத்துத் தபாலில் சேர்த்தாள்.

3

மூன்று வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கார்டு.

“கட்டுரை மனசை உருக்கிருச்சாமுங்ணா. இன்டர்வியூவுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

“நல்ல சேதிதானே கண்ணு? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?”

“எங்கம்மா யாரூட்லயும் பாத்தரம் தேச்சதில்லீங்ளே.”

“ஊடு மாத்தறாங்கன்னு நீதானே எழுதியிருந்தே?”

“அது தறியில ஓடற ஊடுங்ணா. நெடுக்கப் போற பாவு நூலுக்குக் குறுக்கால போற நூலு. சேலைல கட்டத்துக்குக் கட்டம் கலர் மாறுதில்லீங்களா, அப்பெல்லாம் ஊடு மாத்தோணுமுங்க.”

ஊடும் பாவும். தமிழ் படித்தவன் நான், அந்தச் சொல் எனக்குத் தெரியாததா?

“படியெடுக்கும்போதே கேட்டிருக்கலாமே?”

“நீங்க படிச்சவங்க. காலேஜுக்குன்னா அப்பிடித்தான் எழுதோணுமாக்கும்னு இருந்துட்டனுங்க.”

விண்ணப்பத்தின் கடைசியில், ‘மேற்கண்டவை யாவும் உண்மை, பொய்யெனில் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்’ என்று அச்சடித்திருந்தது நினைவுக்கு வந்தது. அதன் கீழே அவள் கையெழுத்து இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாங்க. அவங்க அடுத்தூட்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க.”

4

[இந்த இடத்தில், நான் கல்லூரி முதல்வருக்கு உண்மையைச் சொல்லிக் கடிதம் எழுதுவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. பொய் என்பதால் அடித்துவிட்டேன். நிஜத்தில் ‘மதிப்பிற்குரிய அம்மையீர், தவறு என்னுடையது, ஏனென்றால் நான்...’ என்பதோடு தாளைக் கசக்கினேன். பிள்ளைகளின் கட்டுரையை இன்னொருவன் எழுதிக் கொடுக்கிறான் என்று தெரிந்தால் என்னை என்ன செய்வார்களோ என்று ஒரே பயம்.]

5

இன்டர்வியூ அன்று துணைக்கு நானும் பஸ் ஏறினேன். ரங்காத்தாள் எனக்கு முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“என்னையப் பத்தி என்னமோ எழுதியிருக்காளாமே தம்பி. கொஞ்சம் படிங்க, கேக்கறேன். அங்க கேட்டாங்கன்னா நான் மாத்திச் சொல்லிப்போடக் கூடாது பாருங்க.”

அமராவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எழுதியதும் நான் திருத்தியதுமாக என் பையில் இரண்டு தாளும் இருந்தன. நான் அவளுடைய பழைய தாளை எடுத்துப் படித்தேன். ஊடு மாற்றி ஊடு மாற்றி.

“அதேதானுங்க. அப்பிடியே சொல்லிப்போடறேன்,” என்றார். சந்தோஷமாக இருந்தார். கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும், அடுத்த நிறுத்தம் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

6

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்தினார்கள். பெஞ்சில் நானும் வேறு மூன்று பெற்றோர்களும் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு குரல் எதையோ வாசித்தது. பிறகு ரங்காத்தாளின் குரல் கேட்டது. “யாரு? நானுங்களா?”

பையில் இருந்த இரண்டு தாளையும் மடித்து இன்னும் உள்ளே தள்ளினேன்.

பியூன் கதவைத் திறந்து வெளியே வந்தார். “இந்தப் புள்ளைக்குக் கட்டுரை எழுதிக் குடுத்தது ஆருன்னு மேடம் கேக்கறாங்க. அது வாயே தொறக்க மாட்டேங்குது. இங்க ஆராச்சும் கூட வந்திருக்கீங்களா?”

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இதற்கு மேல் ஆறு முடிவு எழுதிப் பார்த்தேன். ஆறிலும் நான் எழுந்து நிற்கிறேன், கதவைத் தாண்டி உள்ளே போகிறேன், தப்பு என்னுடையது என்கிறேன். ஒன்றில் அவளுக்கு இடம்கூடக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எழுந்து நின்றிருந்தால், ஒருவன் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பானா என்பதை மட்டும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.