கரண்டு போன நேரம்

“வண்டியில சாமி இறங்கியிருக்குடா. நேத்துப் பொட்டு வைக்கையில கையெல்லாம் விறுவிறுன்னுச்சு” என்றாள் இருளாயி.

கரண்டில் ஓடும் காரை அவள் மகன் செல்வக்குமார் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. இட்லியைப் பிட்டபடி சிரித்தான். மருமகள் நாகஜோதிக்குத்தான் இட்லி இறங்கவில்லை. மேலூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை பார்ப்பவள். கை விறுவிறுத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

“ஏங்க, எர்த்து இல்லைன்னு சார்ஜர்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சே. இப்ப மட்டும் எப்படிச் சார்ஜ் ஏறுது?”

“வயர்மேன் எர்த்துக்குக் குழி தோண்டணும்னான். புது டைல்ஸை உடைக்கணுமாம், கூறுகெட்டவன்! நானே பிளக் பாயிண்டைக் கழட்டி, எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயர்ல சேத்துவிட்டேன். பச்சை எரிஞ்சிருச்சுல்ல?”

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

“என் வீட்டுல நான் யாரைக் கேக்கணும்?”

தலைக்கு மேலே மின்விசிறி தளர்ந்து நின்றது. ஃபிரிட்ஜின் உறுமலும் அடங்கியது.

“கரண்டு போனதும் நல்லதாப் போச்சு. பயமில்லாம வண்டியத் தொடைச்சுப்புட்டு வாரேன்” என்று ஈரத்துணியோடு வாசலுக்கு நடந்தாள் இருளாயி.

பக்கத்து வீட்டில் மிக்சி அரைத்துக்கொண்டிருந்தது.

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. ஊருக்குக் கரண்டு போகவில்லை. கரண்டைத் திரும்பக் கொண்டுபோகும் நியூட்ரல் வயர் இந்த வீட்டுக்கு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே வந்த கரண்டு திரும்ப வழியில்லாமல், அந்தத் துண்டு வயரைப் பிடித்துக்கொண்டு எர்த்து வழியாக, சார்ஜில் நிற்கும் காரின் உடம்பில் ஏறி நிற்கிறது.

“அத்தே, தொடாதீங்க!”

“என்னாத்தா?” மிக்சிச் சத்தத்தில் இருளாயிக்குச் சரியாகக் கேட்கவில்லை. கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்றாள். ஈரக்கை கார்க் கதவுக்கு நீண்டது.

அத்தையிடம் ஓடினால் எட்டாது. நாகஜோதி மீட்டர்ப் பெட்டிக்குப் பாய்ந்து மெயினை இழுத்து இறக்கினாள். அதே நொடியில் துணி கதவில் பட்டது.

இருளாயி துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இல்லாத கரண்டுக்கு எதுக்குடி மெயின இறக்குற?” என்று கத்திக்கொண்டே வந்தான் செல்வக்குமார்.

நாகஜோதி மெயினிலிருந்து கையை எடுக்கவில்லை. “அத்தே, நீங்க திண்டுமேல ஏறுங்க. ஏங்க, நீங்க செருப்பைப் போட்டுக்கிட்டு டெஸ்டரை எடுங்க. கதவுக் கீல்ல போல்ட்டு தெரியுதுல்ல, அதுல வைங்க. நான் மெயினப் போடுறேன்.”

டெஸ்டருக்குள் விளக்கு செந்நிறமாய் எரிந்தது. செல்வக்குமார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவள் மெயினை மறுபடி இறக்கினாள்.

“அப்ப நேத்து வந்தது சாமி இல்லையாத்தா?”

“இல்லத்தே.”

இருளாயி கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்து, மகன் முன்னால் டைல்ஸ்மேல் ணங்கென்று போட்டாள்.

“வயர்மேன் எந்த எடம்னு சொன்னான்? உடை.”